எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கார்த்திகை அடைமழை ஓய்ந்து, காலைப் பனி கோட்டை மலையின் இடுப்பு வரை இறங்கத் தொடங்கியதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மண் பிசையும் சத்தம் கேட்கும். ஏரிக் களிமண்ணைச் சலித்து, பொடியாக நறுக்கிய வைக்கோலும் ஊறவைத்த பழைய செய்தித்தாளும் சேர்த்து, தாத்தா கையாலேயே பிசைவார். “சேசு பாலனுக்கு வீடு கட்டுற மண்ணைக் காலால மிதிக்கக் கூடாது” என்பது எங்கள் ஆயாவின் கட்டளை. புத்தாடையும், முறுக்கு வேகும் மணமும், வாசலில் தொங்கும் நட்சத்திரமும் பிறகு வருபவை. எனக்குக் கிறிஸ்துமஸ் தொடங்குவது அந்த மண்ணின் சத்தத்தில்தான்.

தோழியரே, வீட்டில் நாம் வழக்கமாகச் செய்யும் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைத் தேடி எழுதுங்கள் என்று எங்கள் தமிழாசிரியை கூறியபோது, நான் தயங்காமல் குடிலைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எனக்குப் பெருமை தருவது அன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கள் குடிலைச் சொல்ல வேண்டும். சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் செல்பவர்கள் தியாகதுருகத்தை அதன் பாறை மலையால் அடையாளம் காண்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டி போட்ட கோட்டை அதன் மேல் இருக்கிறது. எங்கள் குடிலிலும் பின்னணியில் நிற்பது இதே மலைதான். சாக்குத் துணியைச் சேற்றில் தோய்த்து மடித்து நிறுத்தி, உச்சியில் கோட்டைச் சுவரும் வைப்பார் தாத்தா. “பெத்லகேமில் கோட்டை ஏது தாத்தா?” என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். “தாவீது ராசா பொறந்த ஊரு பாப்பா அது. கோட்டை இல்லாம இருக்குமா?” என்று பதில் வரும். எனக்கு அப்போது அது மறுக்க முடியாத வாதமாக இருந்தது.

மலையடியில் வைக்கோல் வேய்ந்த கொட்டகை. அதில் மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள். இவை ஆயா திருமணமாகி வந்த காலத்தில் வாங்கியவை. ஓர் இடையனுக்குக் கை இல்லை. சூசையப்பர் கையில் மட்டும் தாத்தா தகரத்தில் செய்த சிறிய அரிக்கேன் விளக்கு ஒன்று இருக்கும். ராத்திரியில் பிள்ளைத்தாச்சியை அழைத்துக்கொண்டு வந்தவர் விளக்கில்லாமலா வந்திருப்பார் என்பது அவர் கேள்வி. குழந்தை இருக்கும் இடம் காலியாகவே இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகு, வீட்டில் யார் கடைக்குட்டியோ அவர்தான் பாலனைக் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும். பத்து வயது வரை அந்த உரிமை என்னுடையது. பிறகு சித்தப்பா மகன் பிறந்து அதைப் பறித்துக்கொண்டான்.

கொட்டகைக்கு வெளியேதான் எங்கள் குடில் மற்றவர்கள் குடிலிலிருந்து வேறுபடும். ஒவ்வோர் ஆண்டும் தாத்தா ஒரு புதுப் பொம்மை செய்து சேர்ப்பார். அந்த ஆண்டில் வீட்டிலோ ஊரிலோ நடந்த ஒன்றுக்கு அது அடையாளம். அப்பா முதன்முதலாகக் கரும்பு நட்ட ஆண்டில் கரும்பு வெட்டும் ஆள். நான் பிறந்த ஆண்டில் ஒரு தூளி. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-இல் கொடியேற்றிய ஒரு கலெக்டர் ஆபீஸ். 2020-இல் முகக்கவசம் அணிந்து துடைப்பத்துடன் நிற்கும் தூய்மைப் பணியாளர் அக்கா. டீக்கடை உண்டு, ஆட்டுக்குத் தழை கொண்டுவரும் கிழவி உண்டு, கல்வராயன் மலையிலிருந்து தேன் கொண்டுவருபவர் உண்டு. எல்லோரும் கொட்டகையைப் பார்த்தே நிற்பார்கள், டீ ஆற்றுபவர் உட்பட.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

குடில் என்ற வழக்கத்தைப் புகழ்பெறச் செய்தவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனால் அவர் வைத்த குடிலில் பொம்மை ஒன்றுகூட இல்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. 1223-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டில் கிரேச்சியோ என்ற மலைக் கிராமம். திருவிழாவிற்கு ஏறக்குறைய பதினைந்து நாட்களுக்கு முன் பிரான்சிஸ், யோவான் என்ற அவ்வூர்ப் பெரியவரை அழைத்து, வைக்கோல் நிரப்பிய ஒரு தீவனத் தொட்டியும், உயிருள்ள ஒரு மாடும், ஒரு கழுதையும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இயேசு பாலன் பச்சைக் குழந்தையாக எத்தனை சிரமங்களுக்கு இடையே கிடந்தார் என்பதைத் தம் கண்ணாலேயே காண வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அன்றிரவு ஊர் மக்கள் மெழுகுவர்த்திகளும் தீப்பந்தங்களும் ஏந்திக் காட்டு வழியே வந்து கூடினார்கள். தொட்டியின் மேல் திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் அல்லர், திருத்தொண்டர். ஆகவே நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். அவர் ‘பெத்லகேம்’ என்று சொன்னது ஆட்டுக்குட்டி கத்துவது போல இருந்ததாம்! சில ஆண்டுகளில் அவர் வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தோமா இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். அந்த வைக்கோலைப் பிறகு நோயுற்ற ஆடுமாடுகளுக்குக் கொடுத்தார்கள், அவை குணமடைந்தன என்றும் அவர் எழுதுகிறார். 2019 டிசம்பர் முதல் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சியோவிற்குச் சென்று, குடிலைப் பற்றிய தம் மடலில் அங்கேயே கையெழுத்திட்டார்.

மாடும் கழுதையும் நற்செய்தியில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்தேன். இல்லை! லூக்கா தீவனத் தொட்டியைச் சொல்கிறார், இடையர்களைச் சொல்கிறார், மாட்டைச் சொல்லவில்லை. எசாயா தம் நூலின் தொடக்கத்திலேயே, மாடும் கழுதையும் தம் எசமானனை அறிந்திருக்க மக்கள் மட்டும் அறியவில்லையே என்று வருந்துகிறார். அந்த வசனத்திலிருந்து அவை குடிலுக்குள் நடந்து வந்துவிட்டன. அதுபோலவே ஞானிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை, காணிக்கைகள்தாம் மூன்று. அவர்கள் ஒட்டகத்தில் வந்ததாகவும் அவர் எழுதவில்லை. இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சற்றும் கலங்கவில்லை. “அப்ப என் டீக்கடை மட்டும் என்ன பாவம் பண்ணிச்சி?” என்றார்.

டீக்கடைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின் போது அந்த நாட்டில் கோயில்கள் பூட்டப்பட்டன. நள்ளிரவுப் பூசைக்குத் தடை விதிக்கப்பட்டது. கோயில்களில் பெரிய குடில்கள் வைப்பதும் நின்றது. தெற்கே புரொவான்ஸ் என்ற பகுதி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டிற்குள்ளேயே சிறு சிறு களிமண் பொம்மைகள் வைத்துக் குடில் கட்டினார்கள். மார்செய் நகரத்து லாஞெல் என்பவர் அச்சில் வார்த்து, ஏழைகளும் வாங்கும் விலையில் அவற்றைச் செய்தார். ‘சாந்தோன்’ என்று அவற்றிற்குப் பெயர். சின்னப் புனிதர் என்று பொருள். அந்தச் சின்னப் புனிதர்கள் யார் யார்? ரொட்டி சுடுபவர், மீன் விற்கும் பெண், கத்திக்குச் சாணை பிடிப்பவர், தண்ணீர் சுமப்பவர்! இரு கைகளையும் மேலே தூக்கி வியந்து நிற்கும் ஒரு வெகுளியும் உண்டு. அவர் பெயர் ‘ரவி’. நம் ஊர் ரவி அல்லர். அவர்கள் மொழியில் மகிழ்ச்சியில் மெய்மறந்தவர் என்று பொருளாம். 1803 முதல் மார்செய் நகரில் இப்பொம்மைகளுக்கென்றே சந்தை நடக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: தொடக்க காலத்துச் சாந்தோன்கள் சுடாத பச்சை மண்ணால் ஆனவை. காய வைத்து வண்ணம் பூசுவதோடு சரி.

இன்னொரு வியப்பும் உண்டு. புரொவான்ஸ் மக்கள் புனித பார்பரா திருநாளான டிசம்பர் 4 அன்று சிறு தட்டுகளில் கோதுமையை முளைக்கப் போட்டு, பயிர் வளர்ந்ததும் குடிலருகே வைப்பார்களாம். எங்கள் வீட்டில் ஆயா கொட்டாங்கச்சிகளில் கேழ்வரகு விதைப்பார். திருநாளன்று விரல் நீளம் வளர்ந்திருக்கும். அதுதான் இடையர்களின் புல்வெளி. பிரான்சு தேசத்திலும் இப்படித்தான் என்று ஆயாவிடம் ஆர்வத்தோடு கூறினேன். “மாரியம்மன் முளைப்பாரியைப் பார்த்துப் பழகினோம். அவங்க எதைப் பார்த்துப் பழகினாங்களோ!” என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார்.

நம் தமிழ்நாட்டிலும் குடில் பல கைகளால் ஆவதுதான். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்யும் அதே குடும்பங்கள், அது முடிந்ததும் மாதாவையும் சூசையப்பரையும் செய்கிறார்கள். சூசையப்பரை ஒரு தமிழ்க் காப்பியத்தின் தலைவராகவே ஆக்கி, வளன் என்று பெயரிட்டுத் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை கோயில் விருத்தாசலத்தை அடுத்த கோனான்குப்பத்தில் இருக்கிறது. சூசையப்பர் கையில் அரிக்கேன் விளக்கு வைத்த எங்கள் தாத்தாவை முனிவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன்.

2022-ஆம் ஆண்டு நான் ஏழாம் வகுப்பில் படித்தேன். திருநாளுக்கு மறுநாள் தோழியர் மூவர் எங்கள் வீட்டிற்குப் பலகாரம் சாப்பிட வந்தார்கள். குடிலைப் பார்த்தார்கள். ஒருத்தி கரும்பு வெட்டும் ஆளைக் கையில் எடுத்து, “இவர் ஏன்டி கோணலா நிக்கிறார்?” என்று சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். தாத்தா திண்ணையில் இருந்தார், கேட்டிருப்பார்.

அடுத்த டிசம்பரில் கடையில் விற்கும் குடில் வேண்டும் என்று அப்பாவிடம் அடம் பிடித்தேன். மின்விளக்குடன், எல்லா முகமும் பளபளவென்று இருக்கும் குடில். அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து வாங்கி வந்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. தம் பொம்மைகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிப் பரண் மேல் வைத்தார். அந்த ஆண்டு திண்ணையில் மண் பிசையும் சத்தம் இல்லை. ஆயா கேழ்வரகு விதைக்கவும் இல்லை. கடைக் குடிலிலேயே பச்சைப் பிளாஸ்டிக் புல் ஒட்டியிருந்தது. அந்தக் கோடையிலேயே தாத்தாவின் வலக்கை நடுங்கத் தொடங்கியிருந்தது என்பதை நான் அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அவரால் டம்ளரைச் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பெய்த பேய்மழையும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஓட்டு வீட்டில் பரண் இருந்த மூலை ஒழுகியது. மழை விட்ட பின் அப்பா அந்தப் பெட்டியை இறக்கினார். அட்டை கையோடு வந்துவிட்டது. உள்ளே செய்தித்தாளும் சேறும்தான் இருந்தன. பச்சை மண் அல்லவா? கலெக்டர் ஆபீஸும், தேன்காரரும், துடைப்பத்துடன் நின்ற அக்காவும் ஒன்றாகக் கலந்து போயிருந்தார்கள். என் தூளி எது என்று தேடினேன். தெரியவில்லை.

நான் அழுததைப் பார்த்துத் தாத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “மண்ணு எங்கயும் போவல பாப்பா. தாளை மட்டும் பொறுக்கிப் போடு” என்றார். பிறகு, “எனக்குக் கை நிக்கல. நீ பிசை, நான் சொல்றேன்” என்றார்.

அந்தப் பதினைந்து நாட்களில் நான் கற்றதைத் தோழியருக்கு எழுதுகிறேன். விரும்புபவர்கள் செய்து பாருங்கள். மண் சப்பாத்தி மாவு பதத்தில் இருக்க வேண்டும். ஆள் பொம்மைக்குக் காலைத் தனியாகச் செய்யக் கூடாது; பாவாடை போலவோ வேட்டி போலவோ அடியை அகலமாக விட்டால்தான் நிற்கும். தலையைத் தனியாக உருட்டி, கழுத்தில் ஒரு ஈர்க்குச்சி செருகி ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் கீறி, குழைத்த மண்ணைத் தடவ வேண்டும். வெயிலில் வைக்கவே கூடாது, வெடித்துவிடும். நிழலில் ஈரத்துணி மூடி நான்கு நாள். முகம் வரைவது கடைசி. கண்ணுக்கு இரண்டு புள்ளி போதும். நான் இமையெல்லாம் வரையப் போய் டீக்கடைக்காரர் திருடனைப் போல ஆகிவிட்டார்.

கரும்பு வெட்டும் ஆள் ஏன் கோணலாக நின்றார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. “கரும்பு வெட்டுறவன் நேரா நின்னு வெட்ட முடியுமா பாப்பா? அடியில வெட்டணும். இடுப்பு வளையணும்” என்றார் தாத்தா. நான் ஒன்றும் பேசவில்லை. 2022-இல் நடந்ததை அவரும் எடுக்கவில்லை.

முதலில் செய்தது தூளியை. மொத்தம் பதினான்கு பொம்மைகள் தேறின. பழைய கொட்டகை, கோட்டை மலை, கேழ்வரகு, எல்லாம் திரும்பி வந்தன. கடைக் குடிலின் மின்விளக்கை மட்டும் நான் எடுத்துக் கொட்டகைக்குள் வைத்துவிட்டேன். தாத்தாவுக்கும் அது பிடித்திருந்தது.

இவற்றைச் சூளையில் சுட்டுவிட்டால் மறுபடி கரையாதே என்று நான்தான் கேட்டேன். தாத்தாவுக்கு மனமில்லை. “சுட்டா அப்புறம் மாத்த முடியாது” என்றார். ஒரு நாள் முழுதும் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். 2025 பொங்கல் பானைக்காகக் குயவர் சூளை போட்டபோது எங்கள் பொம்மைகளையும் கொண்டு சென்றோம். குயவர் மாமா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடை பார்த்து, “கனமா இருந்தா சூளையில வெடிக்கும்மா. அடியில குடைஞ்சு விடு” என்று ஒரு மூங்கில் குச்சியைத் தந்தார். காய்ந்த மண்ணைக் குடைவது எளிதாக இல்லை. நான் குடைந்தது போதவில்லை போலும். தேன்காரரும் கலெக்டர் ஆபீஸும் வெடித்துவிட்டன. மற்ற பன்னிரண்டும் செக்கச்செவேல் என்று வந்தன. கூலி கொடுக்கப் போனோம். “மாதாவுக்குச் செஞ்சதுக்குக் காசா?” என்று வாங்க மறுத்துவிட்டார். அவர் வீட்டுப் பூசை மாடத்தில் இருப்பவர் முருகன்.

கடந்த கிறிஸ்துமஸுக்கு, “இந்த வருஷப் பொம்மை என்னன்னு நீயே சொல்லு” என்றார் தாத்தா. நான் குயவர் மாமாவைச் செய்தேன். திருநாளன்று பலகாரத் தட்டு வாங்க வந்தவர் குடில் முன் குனிந்து வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் சரி, என் சக்கரம் எங்கம்மா?” என்றார். திண்ணை ஓரத்தில் மீதியிருந்த மண்ணை ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி, இரு விரலுக்கு நடுவே சுழற்றித் தட்டி, கண்மூடித் திறப்பதற்குள் ஒரு சக்கரம் செய்து பொம்மையின் முன் வைத்தார். அது பச்சை மண். பொங்கல் சூளைக்குக் காத்திருந்தது. அதை மட்டும் நான் குடைய வேண்டியிருக்கவில்லை.